ஐம்பது வருஷக் குழாயும் அதை உடைக்கிற கைகளும்

செங்குன்றம் தாண்டி சோழவரம், காரனோடை என்று ஜி.என்.டி. சாலையில் போகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து சாலையை ஒட்டி ஒரு மூன்று சக்கர வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் உடைந்த பைப், சுருட்டிக் கட்டிய ஒயர், கிழிந்த பேனர், பிய்ந்த செருப்பு, மழையில் நனைந்த தரைவிரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். வண்டியை மிதிக்கிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியில் இருக்கிற பொருட்களில் பெரும்பாலானவை ஒரே பிளாஸ்டிக். பெயர் பிவிசி. வெள்ளைக் குழாயும் மெத்தென்ற ஒயர் உறையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றுதான். எண்ணெய் மாதிரி ஒரு மென்மையூட்டியைக் கலந்தால் அது ஒயராக, ரெக்சினாக, ரத்தப் பையாக, செருப்பாக வளையும். கலக்காமல் விட்டால் குழாயாக, கதவாக, ஜன்னல் சட்டமாக விறைத்து நிற்கும். நீங்கள் பர்ஸில் வைத்திருக்கிற ஆதார் பிவிசி கார்டும் இதே சாதிதான். சாதி என்று எழுதிவிட்டேன். பிளாஸ்டிக்கிலும் சாதி பார்க்கிற தொழில் இது, பிறகு வருகிறேன்.

மற்ற பிளாஸ்டிக் எல்லாம் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். பிவிசியில் எடைக்குப் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். அது உப்பிலிருந்து வருகிறது. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பிரிப்பார்கள். தமிழ்நாட்டில் மேட்டூரிலும் கடலூர் சிப்காட்டிலும் பிவிசி தயாராகிறது. ஆனாலும் நாடு முழுக்கத் தேவைப்படுவதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் கப்பலில் வருகிறது. அதனால்தான் பழைய குழாய்க்கு மதிப்பு. காயலான் கடைக்காரர் சும்மா எடை போடவில்லை.

இதன் ஆயுசு மனிதர்களை வெட்கப்பட வைக்கும். 1930களில் ஜெர்மனியில் பதித்த குழாய்களைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதும் அவை வேலை செய்யும் நிலையில் இருந்தன. நம் பக்கத்துக் கழனிகளில் பம்ப்செட்டுக்குப் போட்ட குழாய், போட்ட தாத்தா போன பிறகும் தண்ணீர் இறைக்கிறது. வெயிலில் கிடந்தால் நொறுங்கும், மண்ணுக்குள் இருந்தால் அசையாது. உடைந்து குப்பைக்கு வந்தாலும் அப்படித்தான், மக்காது. எனவே இரண்டே வழி. ஒன்று, திரும்ப உருக்கிப் புதுப்பொருள் செய்வது. இன்னொன்று, கொளுத்துவது. நம் ஊர்களில் இரண்டும் நடக்கிறது. இரண்டையும் செய்கிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். ஒன்றில் கொஞ்சம் காசு வருகிறது, இன்னொன்றில் உயிர் போகிறது.

எங்கள் ஆயா பொறுக்கிய பிளாஸ்டிக்கில்தான் என் பள்ளிக்கூட நோட்டுகள் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, மோந்து பார்த்துப் பெயர் சொல்வாள். குடத்துத் துண்டையும் பக்கெட் துண்டையும் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பைப் துண்டு முழுகும். இதை அவள் அலுமினிய குண்டானில் போட்டுக் காட்டியது எனக்கு நினைவிருக்கிறது. பிற்பாடு கல்லூரியில் அடர்த்தி என்று ஒரு பாடம் வந்தது. தண்ணீரின் அடர்த்தி ஒன்று. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஒன்றுக்குக் கீழே. பிவிசி 1.4-ஐ ஒட்டி. ஆயா பாடம் நடத்தி முடித்து இருபது வருஷம் கழித்து நான் அதற்கு மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் ஆயாவின் குண்டானுக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கும் முழுகும். பெட்டும் பிவிசியும் கலந்துவிட்டால் இரண்டும் கெட்டது. பெட் உருகுவதற்கு 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். பிவிசியோ 200-ஐத் தாண்டினாலே கருகி அமில வாயுவைக் கக்கும். ஒரு மூட்டை பாட்டிலில் கைப்பிடி பிவிசி கலந்தால் மொத்தமும் கரும்புள்ளி விழுந்து விலை போகாது. அதனால்தான் தரம் பிரிக்கிறவர் கண்ணுக்கு இந்தத் தொழிலில் இவ்வளவு மதிப்பு. வடிகட்டிச் சொன்னால், மறுசுழற்சியில் முதல் இயந்திரம் பிரிக்கிற பெண்ணின் கைதான். அந்த இயந்திரத்துக்குத் தேய்மானச் செலவு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

பிரித்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குழாயை அறுத்து, கழுவி, கட்டிங் மெஷினில் போட்டுச் சில்லாக்குவார்கள். சில்லை மாவு மில் மாதிரி ஒன்றில் அரைத்துத் தூளாக்குவார்கள். அதில் புது பிவிசி கொஞ்சம், சுண்ணாம்புத் தூள், சூட்டில் கருகாமல் காக்கிற மருந்து, நிறம் எல்லாம் கலந்து, சூடான திருகுக்குள் தள்ளினால் மறுமுனையில் புதுக் குழாய் வெளியே வரும். ஒயர் உறை, செருப்பு மாதிரியான மெத்து பிவிசி என்றால் குருணையாக வெட்டி விற்பார்கள். அது தோட்டத்து ஹோஸ், கால்மிதி, செருப்பு அடிப்பாகம், பூட்ஸ் என்று மறுபிறவி எடுக்கும். குழாய் பிவிசியை எட்டு, பத்து முறை வரை இப்படித் திரும்ப உருக்கலாம் என்று இந்தத் தொழில்துறை சொல்கிறது. சுண்ணாம்பை அளவுக்கு மேல் அள்ளிப் போட்டால் அந்தக் குழாய் கையில் தட்டினாலே ஒடியும். மலிவு விலைக் குழாய் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது தெரியும்.

இனி அந்த இன்னொரு வழி. ஏரிக்கரையில், புறம்போக்கில், சுடுகாட்டுப் பாதையில் சாயங்காலம் ஒரு கரும்புகை எழும். பக்கத்தில் போனால் மூக்கும் தொண்டையும் எரியும். பழைய ஒயரைக் குவித்து வைத்துக் கொளுத்திக்கொண்டிருப்பார்கள். வேண்டியது உள்ளே இருக்கிற செம்பு. உறையைக் கத்தியால் சீவினால் அரை நாள் ஆகும், தீ வைத்தால் கால் மணி நேரம். பையன்கள் குச்சியால் கிளறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் புகை மற்றப் புகை மாதிரி அல்ல. பிவிசி எரியும்போது குளோரின் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவாக வெளியேறி நுரையீரலின் ஈரத்தில் கரைகிறது. அதைவிடக் கொடியது டையாக்சின். குளோரினும் கரியும் 200-லிருந்து 450 டிகிரி வரையிலான சூட்டில் சேரும்போது அது உருவாகிறது, அந்த வேலையைத் தூண்டிவிடுகிற வினையூக்கி செம்பு. அதாவது டையாக்சின் செய்ய வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டால், செம்பு ஒயரைத் திறந்த வெளியில் எரிப்பதைவிட நல்ல வழி கிடைக்காது. புற்றுநோய் தருவது என்று உறுதியானது இது. மண்ணில் விழுந்து, புல்லில் ஏறி, மாட்டுக்குள் போய், பாலின் கொழுப்பில் தங்கும். எரித்தவர் வீட்டோடு நிற்காது. ஊர்த் தெருவுக்கும் அந்தப் பால்தான் போகிறது.

திறந்த வெளியில் குப்பை எரிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே தடை போட்டு, 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. சட்டம் வருகிறபோது கடைசியில் மாட்டுகிறவன் குச்சி பிடித்த பையன். அந்தச் செம்பை எடை போட்டு வாங்கியவர் ஒருநாளும் மாட்டுவதில்லை. எனக்கு அபராதத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. கணக்கில் இருக்கிறது. எரித்த செம்பு கருத்துப்போய் இருக்கும், கடையில் அதற்கு இரண்டாம் தர விலைதான். உரித்த செம்பு பளபளவென்று முதல் தரத்தில் போகும். உரித்த உறையைக் குருணைக்காரருக்குத் தனியாக விற்கலாம். எரித்தால் ஒரு பொருள், அதுவும் தரம் குறைந்தது. உரித்தால் இரண்டு பொருள். நடுவில் தேவைப்படுவது ஒயர் உரிக்கிற ஒரு சின்ன இயந்திரம். கையால் சுற்றுகிற வகையும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்த குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும். இதற்கு ஏன் இன்னும் வழி பிறக்கவில்லை என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

சரி, சாதிக்கு வருகிறேன். பொறுக்குவது, பிரிப்பது, கழுவுவது, எரிப்பது என்று அழுக்கு ஒட்டுகிற படிகளில் நம் ஆட்கள் இருக்கிறோம். கட்டிங் மெஷின் வந்ததும் ஆள் மாறுகிறது. குருணை, குழாய் என்று மேலே போகப் போக முதலாளி பெயரும் ஊரும் மாறிவிடுகிறது. விலை ஏறுகிற இடமும் அதே இடம்தான். தோல் தொழிலில் நடந்ததை நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். செத்த மாட்டை உரிப்பது தீட்டு, அந்தத் தோலை ஏற்றுமதி செய்வது கௌரவம். பிளாஸ்டிக் வந்தபோது மூலப்பொருள்தான் புதிது, ஏணி பழையது.

ஆனால் ஏணியில் ஏறியவர்களும் உண்டு. டெல்லியில் கட்டீக் என்ற பட்டியல் சாதி மக்கள் பன்றி வளர்ப்பு, இறைச்சி, பன்றி முடி வியாபாரம் என்று ஒதுக்கப்பட்ட தொழில்களில் இருந்தவர்கள். மேற்கு டெல்லியில் பிளாஸ்டிக் கழிவு வியாபாரத்துக்குள் நுழைந்து, வாங்கி விற்பவராக, பிறகு அரவை இயந்திரம் வைத்தவராக, குடோன் முதலாளியாக அவர்களில் ஒரு பகுதியினர் வளர்ந்தார்கள். ஜ்வாலாபுரியில் இருந்த பிவிசி சந்தையில் 1995-ல் பெருந்தீ பிடித்தது. பிறகு வியாபாரம் நகரத்தின் விளிம்பில் டிக்ரி கலான், முண்ட்கா பக்கம் நகர்ந்தது. நாட்டின் நான்கு திசையிலிருந்தும் பழைய பிவிசி அங்கே போகிறது. காவேரி கில் என்ற ஆய்வாளர் இந்த மக்களோடு பழகி எழுதிய ஆங்கில நூல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்திருக்கிறது. சமூகவியல், பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் நூலகத்தில் தேடிப் படிக்கலாம்.

அந்த நூலை வைத்துக்கொண்டு குதிக்கவும் வேண்டாம். கட்டீக் முதலாளியின் குடோனில் தரையில் உட்கார்ந்து பிரிக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் அவர்களும் வறியவர்கள்தான், பெரும்பாலும் பெண்கள்தான். நம்மில் ஒருவர் முதலாளி ஆனால் தொழிலாளிக்குக் கையுறை தானாக வந்துவிடாது. ஆனாலும் நம் மாவட்டத்தில் அந்த ஒருவரைக்கூட எண்ணிச் சொல்ல வேண்டிய நிலைதானே? 2011 கணக்கெடுப்புப்படி திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். கும்மிடிப்பூண்டியில் சிப்காட், தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட். தேர்வாயில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் நிலம் ஆலைப் பூங்காவாக மாறியபோது, அது வேண்டாம் என்று நின்றவர்கள் பெரும்பாலும் அந்தக் கிராமத்துத் தலித் மக்கள். இங்கே நிலமும் நம்மைச் சுற்றியே போகிறது, கழிவும் நம்மைச் சுற்றியே வருகிறது. ஆலையின் பெயர்ப் பலகையில் மட்டும் நாம் இல்லை.

இந்தத் தொழிலில் இறங்க நினைக்கிற இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஈயம். பிவிசி சூட்டில் கருகாமல் இருக்கக் கலக்கிற மருந்து என்று மேலே சொன்னேனே, இந்தியாவில் நெடுங்காலம் அது ஈய உப்பாகவே இருந்தது. மலிவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈயம் நரம்பைத் தின்கிற நஞ்சு. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பேட்டரி உருக்குகிற ஆலைகளைப் பார்த்த கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு ஈயம் புதுச் சொல் அல்ல. பிவிசி குழாய்களில் ஈயம் சேர்ப்பதை ஒழிக்க ஒன்றிய அரசு 2021-ல் தனி விதிகள் வெளியிட்டது. நல்லது. ஆனால் அதற்கு முன்னால் மண்ணுக்குள் போன குழாய்கள் இன்னும் முப்பது, நாற்பது வருஷம் வெளியே வந்துகொண்டே இருக்கும். அவற்றை அறுக்கும்போது பறக்கிற தூசியில் அந்த ஈயம் இருக்கும்.

ஐரோப்பாவிலும் இதே தலைவலி. அங்கே 2021-ல் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிவிசியை மறுசுழற்சி செய்தார்கள். பெரும்பங்கு பழைய ஜன்னல் சட்டங்கள். 2023-ல் கொண்டுவந்த சட்டத்தில் புதுப்பொருளில் ஈயத்துக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு கட்டி, பழைய பிவிசியில் செய்த சில கடினப் பொருட்களுக்கு மட்டும் 1.5 சதவீதம் வரை 2033 வரை சலுகை தந்தார்கள். அதிலும் பழையது நடுவில் இருக்க வேண்டும், வெளியே புது பிவிசி போர்த்தியிருக்க வேண்டும் என்பது மாதிரியான நிபந்தனைகள். சரியா, தவறா என்று அங்கேயே சண்டை ஓயவில்லை. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். பழைய குழாய் குடிநீருக்குப் போகக் கூடாது. நம் நாட்டில் குடிநீர்க் குழாய்க்கான ஐ.எஸ். 4985 தரமும், ஆலை தன் சொந்த மிச்சத்தைத் தவிர வெளியிலிருந்து வந்த பழைய பிவிசியைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. கழிவுநீர்க் குழாய், வேலிக் கம்பம், செருப்பு என்று போகட்டும். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற ஒப்பந்ததாரர் இறக்குகிற குழாயில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் இருக்கிறதா என்று பள்ளிப் பிள்ளைகளே படித்துப் பார்க்கலாம். எழுத்து குழாயின் மேலேயே இருக்கும்.

வேலை செய்கிறவர்கள் உலர்ந்த குழாயை அறுக்காமல் நனைத்து அறுங்கள், தூசி அடங்கும். வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். சோழவரம் ஏரி நிரம்பினால் புழலுக்குப் போகிறது, அங்கிருந்து சென்னைக்குக் குடிக்கப் போகிறது. புழல் நீர்ப்பிடிப்புக்குச் சென்னைப் பெருந்திட்டத்திலேயே தனிக் கட்டுப்பாடு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற குளுக்கோஸ் குழாய், சிறுநீர்ப் பை எல்லாமும் பிவிசிதான், ஆனால் கிருமி நீக்காமல் அதை விற்பதே குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று கை வைக்காதீர்கள்.

செருப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய பிவிசியின் பெரிய முடிவிடங்களில் ஒன்று மலிவுச் செருப்பு. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு தெருவில் தலித் மக்கள் செருப்புப் போட்டு நடக்க முடியாது என்பது வழக்கமாக இருந்தது. 2023 டிசம்பரில் சுமார் 60 பேர் ஒன்றாகச் சேர்ந்து செருப்புக் காலோடு அந்தத் தெருவில் நடந்தார்கள். அவர்கள் காலில் இருந்தது எந்த ஊர்ச் செருப்போ. அதன் அடிப்பாகம் நம் வண்டிக்காரர் யாரோ பொறுக்கிய பழைய ஒயராக இருந்திருக்கவும் கூடும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி காசு விஷயம். உறை, பாக்கெட் போன்ற பிளாஸ்டிக்குக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2022-ல் ஒன்றிய அரசு நெறிமுறை கொண்டுவந்தது. திரும்பச் சேகரித்ததற்குச் சான்றிதழ், அந்தச் சான்றிதழுக்கு ஒரு விலை. ஆனால் குழாயும் கதவும் பொதியுறை அல்ல, எனவே அந்தக் கணக்கில் வராது. பாக்கெட்டைப் பொறுக்கினால் எங்கோ ஒரு கம்பெனி கடமைப்படுகிறது, குழாயைப் பொறுக்கினால் யாரும் கடமைப்படுவதில்லை. இந்த ஓட்டையை எந்தக் கட்சியும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

மாநில அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் ஒன்றிருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆலை தொடங்கினால் முதலீட்டில் 35 சதவீதம், 1.5 கோடி ரூபாய் வரை மானியம். வாங்கிய கடனுக்கு 6 சதவீத வட்டி மானியம். குறைந்தபட்சக் கல்வித் தகுதி கிடையாது. விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில், நம் மாவட்டத்துக்கு அது காக்களூரில் இருக்கிறது. கட்டிங் மெஷின், அரவை, குருணை இயந்திரம் மூன்றும் இதற்குள் வரக்கூடியவை. முட்டுக்கட்டை வங்கியில்தான் வரும். சொத்துப் பத்திரம் கேட்பார்கள், வாடகைக் கொட்டகை என்றால் முகம் சுளிப்பார்கள். கையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தால் பேச்சு மாறும். அது இல்லாமல் நடத்துகிற கொட்டகைக்கு எந்த அதிகாரி வந்தாலும் பயம், எந்தப் புரோக்கர் வந்தாலும் செலவு.

ஒன்றிய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-லிருந்து ஆணை இருக்கிறது. அந்த இலக்கு நெடுங்காலமாக எட்டப்படாமலேயே கிடக்கிறது. விற்க ஆளில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். குப்பை பொறுக்குவோருக்கு நமஸ்தே திட்டத்தில் 2024-லிருந்து இடம் உண்டு, கணக்கெடுத்து அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு, பாதுகாப்புக் கருவி தர வேண்டும். சோழவரம் ஒன்றியத்து மூன்று சக்கர வண்டிக்காரர்கள் தங்கள் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்கலாம்.

பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கிண்டியில் சிப்பெட் என்ற ஒன்றிய அரசு நிறுவனம் 1968-லிருந்து இருக்கிறது. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் மூன்று வருஷப் பட்டயப் படிப்பு, அதற்குப் பத்தாம் வகுப்பு போதும். தாட்கோவும் அவ்வப்போது சிப்பெட் பயிற்சிகளுக்கு நம் பிள்ளைகளிடம் விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வெளியிடுகிறது. நம் வீட்டில் தலைமுறையாகக் கையில் இருக்கிற அறிவுக்கு அங்கே ஒரு சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் வங்கி மேலாளர் நாற்காலி காட்டுவார்.

பக்கத்திலேயே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் 2025-ல் கைகோத்து நின்றார்கள். நாளொன்றுக்கு 2,100 டன் எரிக்கிற திட்டம். குப்பையோடு பிவிசியும் அந்த உலைக்குள் போகும் என்பது அவர்களுடைய பயங்களில் ஒன்று. பெரிய உலைக்கு எதிராக இவ்வளவு பேர் திரண்டது சரி. நம் ஏரிக்கரையில் எரிகிற சின்ன நெருப்புக்கு யாரும் திரளவில்லை. அதற்குச் சுற்றியிருப்பது காலனி என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கிராம சபையில் இரண்டு கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். புறம்போக்கில் ஒயர் எரிப்பதற்குத் தடை, அதோடு சேர்த்தே, எரித்துப் பிழைக்கிற குடும்பங்களின் குழுவுக்கு ஒயர் உரிக்கும் இயந்திரம் வாங்க ஊராட்சி பரிந்துரை. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடப் பார்ப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டும் இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.